பரிச்சாராவில் பார்க்க ஒன்றுமில்லை, அதனால் தங்குங்கள்

பரிச்சாரா என்ற கொலம்பிய ஊரில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று யாராவது தரும் பட்டியலோடு காலை பத்து மணிக்குக் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடலாம். மஞ்சள் கல்லில் கட்டிய கதீட்ரல் ஒன்று, சின்னத் தேவாலயங்கள் மூன்று, ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு சிற்பப் பூங்கா, மலை விளிம்பில் ஒரு வியூ பாயின்ட். அவ்வளவுதான். பக்கத்து ஊரான சான் ஹில்லில் தங்கிக்கொண்டு ராஃப்டிங், பாராகிளைடிங் என்று திரிகிற பேக்பேக்கர்கள் பெரும்பாலும் அரை நாள் இங்கே வந்து, படமெடுத்துக்கொண்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். என்னையும் அப்படியே செய்யச் சொன்னார்கள். நான் பரிச்சாராவிலேயே ரூம் எடுத்தேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதனால் தெரிந்துகொண்டவை.

ஊர் இருப்பது சான்டான்டேர் மாகாணத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். ஸ்பானியர் காலத்தில், 1705ல் உருவானது. 1978ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதால் புதிதாகக் கட்டுபவர்களும் பழைய பாணியில்தான் கட்டியாக வேண்டும். சதுரக் கட்டமாகத் தெருக்கள், வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, பச்சையிலும் நீலத்திலும் கதவு ஜன்னல். ஊரின் ஒரு பக்கம் அப்படியே செங்குத்தாக இறங்கி சுவாரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முடிகிறது. எதிரே யாரிகியேஸ் மலைத்தொடர்.

என் தங்கை ஹூஸ்டனில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அங்கிருந்து கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்கு விமானம் ஏறினேன். அமெரிக்க விசாவோ ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவோ இருந்து, அதில் குறைந்தது 180 நாள் மிச்சமிருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கொலம்பியா தனி விசா கேட்பதில்லை. நான் போனபோது விதி இது. டிக்கெட் போடும் முன் ஒருமுறை தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'செக்-மிக்' என்கிற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர் தளம்.

பொகோட்டாவிலிருந்து சான் ஹில்லுக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம் என்று சொல்வார்கள், எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் குளிருகிற ஊர். அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, பஸ் சூடான பக்கம் இறங்குகிறதே என்று அதைக் கழற்றி லக்கேஜில் போட்டீர்களோ, தொலைந்தது. ஏசியை எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைப்பது கொலம்பிய பஸ் டிரைவர்களின் மாறாத கொள்கை. உள்ளூர்க்காரர்கள் கம்பளியோடு ஏறுவதைப் பார்த்தபோதே புரிந்துகொள்ளலாம். சால்வை, குல்லா, சாக்ஸ் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். தூரப் பேருந்துகள் நிற்பது சான் ஹில்லின் பெரிய பஸ் ஸ்டாண்டில். பரிச்சாரா பஸ் கிளம்புவது ஊருக்குள் இருக்கும் சின்ன ஸ்டாண்டிலிருந்து. நடுவில் டாக்ஸி தேவைப்படும். சின்ன பஸ் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பகலில் அடிக்கடி இருக்கிறது, இருட்டிய பிறகு நம்பாதீர்கள்.

பையின் கனத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், வேறொரு காரணத்துக்காக. பரிச்சாராவின் தெருக்களில் தார் கிடையாது. பெரிய பெரிய மணற்கல் பாளங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. நடுநடுவே விரற்கடை இடைவெளி. சக்கரம் வைத்த பெட்டியை இதில் இழுத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை ஊர் நடுவே இருக்கும் சதுக்கமான பிளாசாவில் பார்த்தேன். சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்த்தது, ஒரு சக்கரம் அங்கேயே போயிற்று. தெருக்கள் மேட்டில் ஏறுகின்றன, அல்லது பள்ளத்தில் இறங்குகின்றன, சமமாக ஓடுவது சில மட்டும்தான். மழை பெய்தால் தேய்ந்த பாளங்கள் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் நல்ல பிடிமானமாக இருக்கிற ஷூ ஒன்று போதும், மலையேற்றப் பூட்ஸ் தேவையில்லை. ஆனால் தேய்ந்த செருப்போடு வராதீர்கள். நாற்பதைத் தாண்டிய முழங்கால்காரர்கள் ரூம் புக் செய்யும்போது பிளாசாவிலிருந்து எத்தனை தெரு மேலே என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேப்பில் முந்நூறு மீட்டர் என்று காட்டுவது காலுக்கு வேறு கணக்கு. முடியாதவர்களுக்கு டுக்டுக் இருக்கிறது. பைக்குகளில் பாதி நம்ம பஜாஜ் பல்சர்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பதுதான் இந்த ஊரில் செலவையும் அனுபவத்தையும் முடிவு செய்கிறது. கொலம்பியாவில் பண்டிகை விடுமுறைகள் பலவற்றை அடுத்து வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க 1983ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால் வருஷம் முழுக்க மூன்று நாள் வாரக்கடைசிகள் வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பொகோட்டாவும் மாகாணத் தலைநகர் புக்காரமங்காவும் காரேறி இங்கே வந்துவிடும். ரூம் வாடகை ஏறிவிடும், ஏடிஎம்மில் பணம் தீர்ந்துவிடும், கதீட்ரல் படிக்கட்டில் உட்கார இடமிருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் இன்னும் மோசம். கொலம்பிய விடுமுறை நாட்காட்டியைத் தேடிப் பார்த்துவிட்டு, திங்கள் விடுமுறை இல்லாத வாரத்தில் ஞாயிறு சாயந்தரம் போய் இறங்குங்கள். எல்லோரும் கிளம்புகிற பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் நீங்கள் வருவீர்கள். வாடகை பேரம் பேசும்படி இருக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு: திங்கள், செவ்வாயில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும். மார்க்கெட் பக்கம் எளிய கடைகள் திறந்திருக்கும், நான் அதிலேயே ஓட்டினேன், குறையொன்றுமில்லை.

பணம் என்றதும் இரண்டு விஷயம். சான் ஹில்லிலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அதுவும் சின்ன நோட்டாக மாற்றி. 50,000 பெசோ நோட்டை நீட்டினால் காய்கறிக்காரம்மா உங்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். இன்னொன்று, ஹோட்டல் வாடகையில் 19 சதவீத வரி உண்டு, ஆனால் கொலம்பியாவில் குடியிராத வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு அது கிடையாது. பாஸ்போர்ட்டையும் உள்ளே வந்த முத்திரையையும் காட்டிக் கேட்டால் பில்லில் கழிப்பார்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் கழிப்பதில்லை. நான் தங்கிய முதல் விடுதியில் அந்த வரியைச் சேர்த்தே வாங்கப் பார்த்தார்கள், முத்திரையைக் காட்டியதும் வேறு பில் வந்தது. மூன்றாம் நாள் அங்கிருந்து மாறி, வீட்டில் இரண்டு ரூமை வாடகைக்கு விடுகிற ஒரு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். வரி பற்றிய பேச்சே அங்கே எழவில்லை.

மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்க மாதிரித் தட்டை முள் பிளக். போன் சார்ஜர் வேலை செய்யும். ஊரிலிருந்து சின்ன எலக்ட்ரிக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிற நம் வழக்கம் இங்கே உதவாது. 220 வோல்ட் குக்கரில் அரிசி வேகும்போது விடிந்திருக்கும்.

இனி, தங்கினதால் என்ன கிடைத்தது என்பதற்கு வருகிறேன்.

நான் தங்கிய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, இடிந்த சுவரொன்றைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் வீடுகளின் வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இருப்பது மண். 'தாப்பியா பிசாதா' என்கிற முறை. கீழே கல் அஸ்திவாரம். அதன்மேல் இரண்டு பக்கமும் கனமான பலகையை நிறுத்தி, குறுக்கே கட்டை கொடுத்துப் பெட்டி மாதிரி இறுக்குகிறார்கள். அதற்குள் செம்மண்ணைக் கொட்டி, ஆள் உள்ளே இறங்கி நின்று மரத்திமிசால் இடிக்கிறார். மண்ணில் ஈரம் எவ்வளவு என்பதுதான் விஷயம். மேஸ்திரி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, தோள் உயரத்திலிருந்து கீழே போடுவார். சில துண்டுகளாக உடைந்தால் சரி, சப்பென்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் ஈரம் அதிகம், காய்ந்த மண் கொண்டுவா என்று பையனை அனுப்புவார். ஒரு சாண் உயரம் கொட்டிய மண் இடிபட்டு அரைச் சாணுக்கு வருகிறது. முதலில் திமிசு விழும் ஓசை மொத்தென்று இருக்கும். மண் இறுக இறுக ஓசை கெட்டியாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கல்லில் தட்டுகிற மாதிரிக் கேட்கும். அது கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கூடையைக் கொட்டுவார்கள். பலகையைக் கழற்றியபின் பார்த்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு கோடாகத் தெரிகிறது. பூச்சுப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்ததும் அது மறைந்துவிடும்.

சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன். மத்தியானம் வெயில் கொளுத்தும்போது உள்ளே ஃபேன் கேட்காது. ராத்திரி 18 டிகிரி வரை இறங்கும்போதும் கதகதப்பு போகாது. ஆகவே ரூம் தேடும்போது சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவரில் வெள்ளையடித்து பழைய வீடு மாதிரி நிறுத்திய விடுதிகளும் உண்டு. வாடகை அதே, மத்தியானத் தூக்கம் வேறு. கூரை ஓடு சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மண் சுவருக்கு மழைதான் எதிரி. நீட்டல் குறைந்த கூரையுள்ள ரூமில் சுவரோரம் பையை வைத்தால் ஈரம் ஏறும்.

கல்வேலையும் அப்படித்தான், இன்னும் நடந்துகொண்டிருக்கிற தொழில். ஊரோரம் நடந்தால் உளிச் சத்தம் கேட்கும் பட்டறைகள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குள் போய்ச் செதுக்கிய கல்லறைகளைப் பாருங்கள், அந்தக் கல்தச்சர்களின் கைத்திறன் தெரியும். கதீட்ரலைவிட எனக்கு அதுவே பிடித்தது. ஃபீக்கே என்ற கற்றாழை இன நாரிலிருந்து கையால் காகிதம் செய்கிற பட்டறை ஒன்றும் இருக்கிறது. பெண்கள் நடத்துவது. நாரை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி, துணிமேல் கவிழ்த்துக் காயவைப்பதை வாசலிலிருந்து உள்ளே வரை கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அங்கே வாங்கிய நோட்டுப் புத்தகங்கள்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்த ஒரே பரிசுப்பொருள். எடையே இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பார். மத்தியானம் எளிய கடைகளில் 'அன்றைய சாப்பாடு' என்று ஒன்று வைத்திருப்பார்கள். சூப், சோறு, பீன்ஸ் அல்லது பருப்பு, வாழைக்காய் வறுவல், ஒரு துண்டு இறைச்சி, பழச்சாறு. வயிறு நிறையும், விலையும் குறைவு. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும். கோழியும் வேண்டாம் என்றால் ஹாம் வரும். சைவர்கள் இங்கே 'வேண்டாம்' பட்டியலைச் சொல்வதைவிட 'சோறு, பீன்ஸ், முட்டை, வாழைக்காய் மட்டும்' என்று வேண்டியதைச் சொல்வது பலிக்கிறது. முட்டையும் ஆகாதவர்கள் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம், தட்டு கொஞ்சம் காலியாக இருக்கும். சூப் எப்போதும் எலும்புச் சாறில்தான் கொதித்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். காலையில் அரேப்பா என்கிற மக்காச்சோள அடை, இந்தப் பக்கம் தோல் நீக்கிய மஞ்சள் சோளத்தில் சுடுகிறார்கள், வெளியே முறுகலாக. கூடவே வெல்லம் கரைத்த சுடுநீர், அதில் நனைக்க ஒரு துண்டு சீஸ். சுவாரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பும் வெல்லப் பாகும்தான்.

அடுத்து எறும்பு. சான்டான்டேர் மாகாணத்தின் பெருமையே அதுதான். இலைவெட்டி எறும்புகளில் சிறகு முளைத்த ராணிகள் மார்ச் மாதம் தொடங்கி ஜூன் வரை, மழை பெய்து விட்டு வெயில் அடிக்கிற காலை வேளைகளில் புற்றிலிருந்து கூட்டமாக வெளியே வருகின்றன. முட்டை நிறைந்த பின்புறம் கடலை அளவுக்குப் புடைத்திருக்கும். காவல் எறும்புகள் கடித்துக் குதறும் என்பதால் பிடிப்பவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகிறார்கள். சிறகையும் காலையும் கிள்ளிவிட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மண்சட்டியில் வறுக்க வேண்டும். ஸ்பானியர் வருவதற்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்த குவானே மக்களின் சாப்பாடு இது. என் வீட்டுக்கார அம்மா வறுக்கும்போது அடுப்படியில் நின்றேன். முதலில் பச்சை மண் வாசம், பிறகு வேர்க்கடலை வறுபடும் வாசம், கடைசியில் லேசாகப் புகை. வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து கொழுப்பு இறங்குகிறது.

அன்று ராத்திரி போனில் அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, எறும்பையா தின்ன?"

"ஈசல் மாதிரிதாம்மா. உங்கம்மா வறுத்துக் குடுப்பாங்கன்னு சொல்லுவீங்கல்ல, அதேதான்."

"ஈசலுக்குப் பொட்டுக்கடலை போடோணும். அது போட்டாங்களா?"

போடவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் பாக்கெட்டில் விற்பதை வாங்குவதாக இருந்தால் முகர்ந்து பாருங்கள், காறல் வாசம் இருந்தால் வேண்டாம். கொழுப்பு அதிகமான பண்டம், சீக்கிரம் சிக்கு அடிக்கும். விலையும் சும்மா இல்லை, ஒரு சின்னப் பொட்டலம் ஒரு வேளைச் சாப்பாட்டு விலை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் எறும்பைத் தொடவே வேண்டாம், அதே ஒவ்வாமை இதிலும் வரலாம்.

நடக்கத்தான் வந்தோம் என்றால் குவானே கிராமத்துக்குப் போகும் பழைய கல்பாதை இருக்கிறது. 'கமினோ ரியால்', அரச பாதை. ஐந்தாறு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். குவானே மக்களின் ஒற்றையடிப் பாதையாக இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் கேயோ ஃபான் லெங்கர்க்கே என்ற ஜெர்மானியர் கல் பாவிச் சீர்செய்தார். 1852ல் சான்டான்டேருக்கு வந்து, சாலை போட்டு, கோவேறு கழுதைகளில் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தவர். அவருடைய முக்கியச் சரக்கு சிங்கோனா மரப்பட்டை, மலேரியாவுக்கான கொய்னா எடுக்கிற பட்டை. இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு நடுவட்டம் ஞாபகம் வந்தது. தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுபோன சிங்கோனாவை ஆங்கிலேயர் 1860களில் நீலகிரியில் நட்டார்கள். பிறகு இலங்கையிலும் ஜாவாவிலும் பயிராகி, 1880களில் ஆசியப் பட்டை சந்தையை நிரப்பியபோது கொலம்பியப் பட்டை வியாபாரம் படுத்துவிட்டது. லெங்கர்க்கே 1882ல், இங்கிருந்து அதிக தூரமில்லாத சப்பத்தோக்காவில் இறந்தார். கோவையிலிருந்து வந்தவள் அவர் பாதையில் நடக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

காலை ஏழு மணிக்கு முன் தொடங்குங்கள். ஊரின் விளிம்பிலிருந்து முதல் இறக்கம் செங்குத்து, வளைந்து வளைந்து இறங்கும். ஏறுவதைவிட இது முழங்காலைக் கேட்கும், கையில் ஒரு குச்சி இருக்கட்டும். கீழே போனபின் பாதை மெல்ல ஏறி இறங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் மார்பளவு கல்சுவர், மாடுகள், சப்பாத்திக் கள்ளி, மரங்களில் நரைத்த தாடியாகத் தொங்கும் பாசி. பாதிக்கு மேல் நிழல் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், வழியில் கடை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டே நடங்கள், கல்லில் சிப்பிகளும் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் சுருளான புதைபடிவங்களும் பதிந்திருக்கும். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. பெயர்த்து எடுக்க வேண்டாம். குவானேயின் சின்ன அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், ஒரு மம்மியும் இருக்கிறது.

குவானேயில் ஒரு சதுக்கம், ஒரு கோயில், ஆட்டுப்பால் இனிப்பு விற்கும் கடைகள், திண்ணையில் தூங்கும் நாய்கள். திரும்பி வர பஸ் நாளைக்குச் சில நடைகள்தான். பரிச்சாராவில் கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் டுக்டுக்தான். அங்கிருந்து வில்லானுவேவா, ஹோர்தான் வழியாக சிக்காமோச்சா பள்ளத்தாக்கைக் கடந்து லோஸ் சாந்தோஸ் வரை பல நாள் நடக்கிற இளைஞர்களையும் பார்த்தேன். வாழ்த்தி அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

தனியாக வரும் பெண்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பரிச்சாராவில் ராத்திரி ஒன்பது மணிக்கு பிளாசாவில் உட்கார்ந்திருந்தேன், குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு நொடிகூடப் பயம் தோன்றவில்லை. பொகோட்டாவில் அதே நான் போனை பையிலிருந்து வெளியே எடுக்க கடைக்குள் நுழைந்து நின்றேன். இரண்டும் ஒரே நாடுதான், அளவுகோல் வேறு. குவானே கல்பாதைக்கு மட்டும் தனியாகப் போகாமல், காலையில் பிளாசாவில் கிளம்பும் யாரோடாவது சேர்ந்து போனேன். கால் சுளுக்கினால் சொல்ல ஆள் வேண்டும், வேறு காரணமில்லை. சான்டான்டேர்க்காரர்கள் பேச்சு முரட்டுத்தனமாகக் கேட்கும் என்று மற்ற கொலம்பியர்கள் எச்சரிப்பார்கள். சுற்றி வளைக்காமல் பேசுகிறார்கள், அவ்வளவுதான். கோவைக்காரியான எனக்கு அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. இங்கிலீஷ் அநேகமாகப் பயன்படாது. எண்கள், நேரம், 'எவ்வளவு', 'எங்கே' இவற்றை ஸ்பானிஷில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை ஆஃப்லைனில் இறக்கிவைத்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த அழகுக்கு உள்ளூர்க்காரர்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைநகரத்துப் பணக்காரர்கள் வீடு வாங்கி, வருஷத்தில் பாதி நாள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிளாசாவைச் சுற்றிய தெருக்களில் ராத்திரி விளக்கெரியாத வீடுகள் பல. முன்னாள் அதிபர் பெலிசாரியோ பெத்தான்கூரே இங்கே வீடு வைத்திருந்தவர்தான். அவர் வந்ததால் கைத்தொழில் பட்டறைகளுக்கு ஆதரவு கிடைத்தது என்பார்கள், நில விலை ஏறியது என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒரே வாயிலிருந்து. தண்ணீரும் இங்கே தாராளம் இல்லை. காய்ந்த மலைமுகட்டு ஊர். ஒருநாள் என் ரூமில் குழாய் காற்று மட்டும் விட்டது. நீச்சல்குளம் வைத்த விடுதிகளைவிட வீட்டு ரூம்களில் தங்கலாம் என்பது என் அபிப்பிராயம், வாடகை நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகிறது. குளியலை ஒரு வாளியில் முடித்துக்கொள்வது நமக்கொன்றும் புதிதில்லை.

'காலனியக் கால அழகு' என்று சொல்லிப் போகிறபோது குவானே மக்களின் மொழியே இன்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்களிலும் எறும்பு வறுக்கிற சட்டியிலும்தான் அவர்கள் மிச்சம். காலனிக்கு எதிராக இந்தப் பக்கத்து மக்கள் சும்மா இருக்கவுமில்லை. சான் ஹில்லிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய சொக்கோரோவில், 1781 மார்ச் 16 அன்று மனுவேலா பெல்த்ரான் என்ற பெண் வரி உயர்வு அறிவிப்பைச் சுவரிலிருந்து கிழித்துப் போட்டார். கொமுனேரோக்கள் கிளர்ச்சி அங்கிருந்துதான் மூண்டது. ஒரு நாள் மிச்சமிருந்தால் சொக்கோரோவுக்குப் போங்கள், பரிச்சாரா அளவுக்குச் சிங்காரிக்காத ஊர், கூட்டமும் இல்லை.

திரும்பும்போது பொகோட்டாவுக்கே போகாமல் புக்காரமங்கா வழியாக விமானம் பிடித்தேன். சான் ஹில்லிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். பாதை சிக்காமோச்சா பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. வளைவுகள் கடுமை, வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டும் மாத்திரையும் ஏற்பாடு செய்துகொள்ளவும்.

கடைசியாக எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொலம்பியா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. பரிச்சாராவில் கொசுத் தொல்லை பெரிதாக இல்லை, அது வேறு விஷயம். கேட்கப்போவது நம் நாடு. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்குபவரிடம் சர்வதேசத் தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால், அந்த நாட்கள் முடியும் வரை தனிமையில் வைக்க விமானநிலையச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா நாளும் கிடையாது, முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபதைத் தாண்டியவர்கள் ஊசிக்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். சென்னையில் இறங்கியதும் இமிக்ரேஷனுக்கு முன்பே ஒரு மேஜையில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.